பதில்: மார்கழிக் குழுவில் பிள்ளைகள் பத்தாம் நாளோடு நின்றுவிடுகிறார்கள், திருப்பாவையை மாற்றலாமா?

மாற்ற வேண்டாங்க. ஆண்டாளின் இந்தப் பாசுரங்களில் ஒரு நாளுக்கு ஒரு பாட்டு, எட்டே அடி, முப்பது பாட்டும் 'எம்பாவாய்' என்றே முடியும், அடுத்த மார்கழியில் அதுவே திரும்ப வரும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாட இந்த அமைப்புதான் வழிவிட்டிருக்கிறது.

சிக்கல் நீங்கள் தொடங்கும் விதத்தில் இருக்கலாம். வழக்கமான மெட்டில் முதல் ஐந்து பாட்டுக்கும் ராகங்கள் வரிசையாக நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வராளியின் காந்தாரம் ('க' ஸ்வரம்) புதுக் குரலுக்குப் பிடிபடாது. சுருதி நழுவினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எனவே பயிற்சியை ஆரபியில் உள்ள மூன்றாம் பாட்டு 'ஓங்கி உலகளந்த'விலிருந்து தொடங்குங்கள். பெரியவர் ஓரடி, பிள்ளைகள் அதே அடி. கடைசி அடி எல்லோரும் சேர்ந்து.

வராளியில் வரும் நான்காம் பாட்டு 'ஆழி மழைக்கண்ணா'வை மெட்டில்லாமல் வாசிக்க விடுங்கள். எட்டு அடியிலும் ழகரம் உண்டு, மொத்தம் 11. ஆழி, ஊழி, பாழி, தாழாதே... பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், நாக்கும் பழகும். கடல் நீரை முகந்த மேகம் கறுத்து, சக்கரமாய் மின்னி, சங்காய் அதிர்ந்து, அம்பாய்ப் பொழிவதை வரையவும் சொல்லலாம். என்ன அழகான பாட்டு அது!

சுருதியையும் பாருங்கள். பெண்களுக்கான உயர்ந்த சுருதியான 5 கட்டையில் எடுத்தால் ஆண் குரல்கள் மேல் ஸ்தாயியில் (உச்ச ஸ்வரங்களில்) திணறும். அவர்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும்.

27ஆம் பாட்டைப் பாடும் கூடாரவல்லி நாளில் நெய் வழியும் அக்காரவடிசில் (பால், வெல்லம் சேர்த்த இனிப்புப் பொங்கல்) உண்டென்று இப்போதே சொல்லிவையுங்கள்.