கணவருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும். எனக்கு எட்டும் போதவில்லை, ஏன்?

கேள்வி: எனக்கு 38 வயது. கணவர் இரவு ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார், ஆனாலும் சுறுசுறுப்பாக இருக்கிறார். நான் எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதி தீரவில்லை. படுத்தால் கால் குடைச்சல் வேறு. மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். எச்சிலை வைத்துத் ‘தூக்க மரபணு’ பார்த்துச் சொல்வதாக ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் சிறு பங்குதான் உங்களுக்குத் தேவையான ரத்தப் பரிசோதனைகளுக்கு ஆகும்.

தூக்கத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 2019-ல் பிரிட்டனில் சுமார் நாலரை லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, தூக்க நேரத்தோடு தொடர்புள்ள 78 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் தூக்கத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ சராசரியாக ஒரு நிமிடம். இதை வைத்து உங்கள் அசதிக்குக் காரணம் சொல்கிறேன் என்பவர் பொருள் விற்க வந்தவர். வண்ண அச்சில் ரிப்போர்ட் வரும், கூடவே மாத்திரை டப்பாவும் வரும். இதை முறையாகக் கண்காணிக்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்களோ, தெரியவில்லை.

உங்கள் கணவர் விஷயம் வேறாக இருக்கலாம். 2009-ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், ஒரு தாயும் மகளும் இயல்பாகவே ஆறேகால் மணி நேரம் தூங்கி நலமாக இருந்ததைக் கவனித்தார்கள். டெக்2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றத்தைச் சுண்டெலிகளுக்குப் புகுத்தினால் அவையும் குறைவாகத் தூங்கின. பிறகு வேறு சில மரபணுக்களிலும் இப்படிக் கண்டார்கள். ஆனால் இவர்கள் மிக அரிது, அந்தத் தாயும் மகளும்கூட ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்கள் என்பதைக் கவனியுங்கள். கணவர் அந்த ரகமா என்று வீட்டிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையும் அலாரம் இல்லாமல் அதே நேரத்துக்கு எழுகிறாரா? பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை சாய்கிறதா? சின்ன வயதிலிருந்தே இப்படியா? அவருடைய அப்பாவோ அம்மாவோ இப்படித்தானா? விடுமுறையில் பத்து மணி நேரம் உருளுகிறார் என்றால் மரபணு ஒன்றுமில்லை, தூக்கக் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆண் பெண் வேறுபாட்டுக்கு வருவோம். சுண்டெலிகளில் சினைப்பையையும் விரையையும் நீக்கினால் தூக்க வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. அதாவது முக்கியக் காரணம் ஹார்மோன். மீதி கொஞ்சம் பாலினக் குரோமோசோமிலிருந்தே வருகிறது. ஆனால் பெண் சுண்டெலி ஆணைவிடக் குறைவாகத் தூங்கும், மனிதரில் பெண்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகத் தூங்குகிறார்கள். அதனால் எலியில் கண்டதை அப்படியே நம் மேல் ஏற்றக் கூடாது. பெண்களின் உடல் கடிகாரத்தின் ஒரு நாள் சுற்று ஆண்களுடையதைவிட ஆறு நிமிடம் போலக் குறுகியது. மாதவிலக்குக்கு முந்தைய இரு வாரங்களில் உடல் வெப்பம் சற்று ஏறுகிறது. தூக்கமின்மையும் பெண்களுக்கே அதிகம். எதுவும் சோம்பேறித்தனம் இல்லை, மாமியாரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கால் குடைச்சல்தான். படுத்ததும் காலை அசைக்காமல் இருக்க முடியாத இந்தத் தொல்லை பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. இரும்புச் சத்துக் குறைவு இதன் பெரிய காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருந்தும் அசதி என்று போனால் பலருக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து, சத்து டானிக் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பாருங்கள். லேப் ரிப்போர்ட்டில் 20 என்றாலும் ‘நார்மல்’ என்றிருக்கும். கால் குடைச்சல் உள்ளவருக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இதற்கும் மரபணுத் தொடர்பு உண்டு, ஆனால் அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்கப் பணம் ஆகாது.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் நேராகத் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். தூக்கத்துக்காகப் பலர் வாங்கும் அல்பிரசோலம் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, விற்கிறார்கள். சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெண்கள் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது 2013-ல். இருபது வருடம் பெண்கள் ஆண்களுக்கான அளவையே விழுங்கினார்கள்! தூக்கத்துக்காகச் சளி மாத்திரை போடும் பழக்கமும் வேண்டாம், கால் குடைச்சலை அது கூட்டும்.

ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். குறட்டை உண்டா என்று கணவரிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் பரிசோதனையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள், அப்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டி ஏமாற்றிவிடும்.