பயிர் மூழ்கினால் ஆங்கிலத்தில் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்கிக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ ஆங்கிலத்தில் கடிதம் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஐப்பசி மழையில் சம்பா போன ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அதிகாரி எல்லார் முன்னாலும் "இது என்ன இங்கிலீஷ்?" என்று கேட்டுவிட்டாராம். அஃபெக்ட், எஃபெக்ட் என்று குழப்பும் சொற்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து பார்த்தேன். எழுதும்போது மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா? ப்ராக்டிஸ் என்பதற்கு ஸி போடுவதா, எஸ் போடுவதா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நெல் போன மனிதர் எதிரே நிற்கும்போது அப்படிக் கேட்டது தவறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை நம்பி ஒரு குடும்பத்தின் பணம் இருக்கிறது என்பதால் உங்கள் கேள்வியும் முக்கியமானது.

பட்டியல் நிற்காததற்கு உங்கள் ஞாபகசக்தி காரணமில்லை. கடைகளில் கிடைக்கும் பட்டியல்களில் பல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களை மனதில் வைத்துப் போட்டவை. அவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு, நாம் விழும் இடம் வேறு. நம்முடைய குழப்பம் பாதி காதில் தொடங்குகிறது, மீதி தமிழில் தொடங்குகிறது.

காதை முதலில் பார்ப்போம். இழப்பதைச் சொல்லும் லூஸுக்கு ஒரே ஓ, தொளதொளவென்று இருப்பதைச் சொல்லும் லூஸுக்கு இரண்டு ஓ. ஆங்கிலேயர் வாயில் முதலாவது இசட் ஓசையில் முடியும், இரண்டாவது ஸ் என்று முடியும். தமிழில் இசட் ஓசை இல்லாததால் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அட்வைஸ் கதையும் இதுதான்: அறிவுரை என்ற பெயருக்கு ஸி, அறிவுரை சொல்வது என்ற வினைக்கு எஸ், அந்த எஸ்ஸுக்கு இசட் ஓசை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் திணறும் ஷிப், ஷீப் வித்தியாசமோ குறில் நெடிலோடு வளர்ந்த நமக்குத் தானாக வந்துவிடுகிறது. இத்தனைக்கும் நம் பக்கத்துப் பேச்சில் ஏரியும் ஏறியும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன, எழுதும்போது யாராவது மாற்றிப் போடுகிறோமா? பொருளோடு சேர்த்துப் பழகியதால் கை தானாகச் சரியாக எழுதுகிறது. ஆங்கிலச் சொல்லையும் அப்படித்தான் பழக வேண்டும், ஜோடி ஜோடியாக ஒப்பித்து அல்ல.

இனி அந்தப் பட்டியல்களில் வராத விஷயம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. தமிழில் மூழ்கு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மனிதன் மூழ்கினால் ட்ரவுன், கப்பல் மூழ்கினால் சிங்க். வயலில் தண்ணீர் ஏறிப் பயிர் மூழ்கினால் சப்மெர்ஜ்ட். பயிருக்கு சிங்க் என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. வெள்ளம் சூழ்ந்து நிற்பதற்கு இனண்டேஷன் என்று ஒரு சொல் உண்டு, பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளிலேயே வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருந்து. நாம் வயலுக்கும் மருந்து அடிக்கிறோம், காய்ச்சலுக்கும் மருந்து சாப்பிடுகிறோம். வயலுக்கு அடித்ததை மெடிசின் என்று எழுதக் கூடாது, அது பெஸ்டிசைட். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று சொல்வோம், ஆனால் ஆங்கிலத்தில் திறப்பது மதகை, தண்ணீருக்கு ரிலீஸ். கேள் என்ற சொல்லை எடுங்கள், ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தமிழ்ச் சொல்லை மேலே எழுதி, யார் அல்லது எது என்பதைப் பொறுத்து வரும் ஆங்கிலச் சொற்களைக் கீழே முழு வாக்கியமாக எழுதுங்கள். உங்கள் கடையில் வரும் கடிதங்களில் இருந்தே எடுத்தால் போதும்.

அஃபெக்ட் விஷயத்தில் தமிழே கை கொடுக்கும். மழை பயிரைப் பாதித்தது என்றால் வினை, ஏ-யில் தொடங்குங்கள். மழையின் விளைவு என்றால் பெயர், ஈ-யில் தொடங்குங்கள். இன்ன தேதி முதல் அமலுக்கு வருகிறது என்று உத்தரவுகளில் வரும் வித் எஃபெக்ட் ஃப்ரம் என்பதும் பெயர்தான், அதனால் ஈ. ஈ-யில் தொடங்குவதை வினையாகவும் சில சமயம் எழுதுவார்கள், ஒன்றை நிகழ்த்துவது என்ற பொருளில், உங்கள் கடிதங்களுக்கு அது தேவைப்படாது.

வங்கிக் கடிதத்தில் வரும் பிரின்சிபல் பி, ஏ, எல் என்று முடிய வேண்டும். கடனின் முதலும் அதுதான், கல்லூரி முதல்வரும் அதுதான், லத்தீனில் அதன் வேர் முதலாவது என்ற பொருள் கொண்டது. பி, எல், ஈ என்று முடிந்தால் கொள்கை. பணம் கிடைக்க ஆவன செய்யுங்கள் என்று எழுதும் இடத்தில் ஈ-யில் தொடங்கும் என்ஷ்யூர். ஐ-யில் தொடங்குவது காப்பீடு செய்வது. பயிர்க் காப்பீட்டுக் கடிதத்தில் இரண்டுமே வரும் என்பதால் கவனமாக இருங்கள்.

ப்ராக்டிஸுக்கு பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்கு ஸி, வினைக்கு எஸ். லைசென்ஸுக்கும் அதே விதி. அமெரிக்கர்கள் ப்ராக்டிஸ் இரண்டுக்கும் ஸி, லைசென்ஸ் இரண்டுக்கும் எஸ் போடுவார்கள். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்குதான். கடைக் கம்ப்யூட்டரில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் நீங்கள் சரியாக அடித்ததற்கும் சிவப்புக் கோடு போடும், அதை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றினாலும், ஒரு ஓ இருக்க வேண்டிய லூஸில் இரண்டு ஓ போட்டால் அதற்குச் சிவப்புக் கோடு வராது, அதுவும் ஆங்கிலத்தில் உள்ள சொல்தானே. பிரிண்ட் கொடுக்கும் முன் அதை மட்டும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.