வீட்டு கரண்ட்டை ஈபிக்கு விக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சோலார் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. கேள்வி பலவிதமா இருந்தாலும் எல்லாரும் சுத்திச் சுத்தி கேக்குறது ஒண்ணுதான், நம்ம மொட்டை மாடியிலயோ நிலத்துலயோ தயாரிக்கிற கரண்ட்டை லைன்ல விட்டா காசு வருமா வராதா. இந்த தடவை முழுப் பக்கமும் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

சார், 3 கிலோவாட் சோலார் போட்டா வீட்டு செலவு போக மீதிய ஈபி வாங்கிக்கும், மாசா மாசம் அக்கவுண்ட்ல பணம் வரும்னு ஏஜென்ட் சொல்றாரு. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் ஆகுது, பகல்ல வீட்ல யாரும் இருக்கறதில்ல. நம்பிப் போடலாமா?
– பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

போடுங்க டீச்சர், ஆனா மாசா மாசம் பணம் வரும்ங்கிற பேச்சை நம்பிப் போடாதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியில ஒரு நாளைக்கு 4 யூனிட் பக்கம் தரும், அப்போ 3 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்துல 720 யூனிட் வருதுன்னு வச்சுக்குவோம். பகல்ல ஆள் இல்லாததால ஃப்ரிட்ஜ் அது இதுன்னு 150 யூனிட்தான் நேரா வீட்டுக்குள்ள செலவாகும், மீதி 570 லைனுக்குப் போயிடும், ராத்திரி ஏசிக்கும் ஃபேனுக்கும் 450 யூனிட் லைன்லருந்து வாங்குவீங்க. நெட் மீட்டர் இந்த ரெண்டையும் தனித்தனியா எண்ணும், பில் போடுறப்போ யூனிட்டுக்கு யூனிட் கழிப்பாங்க, உங்க கணக்குல 120 யூனிட் மிச்சம் நிக்கும், அது அடுத்த பில்லுக்குப் போகும். அவ்ளோதான், பணமா கைக்கு வராது. வருஷக் கடைசியில மிச்சம் நிக்கிற யூனிட்டோட மதிப்பு நீங்க காசு குடுத்து வாங்குற யூனிட்டோட மதிப்புக்குப் பக்கத்துல கூட வராது.

இப்போ 2 கிலோவாட் மட்டும் போட்டா என்ன ஆகும் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட் வரும், 600ல அது போக 120 யூனிட்டுக்குத்தான் பில்லு, அதுலயும் முதல் 100 யூனிட்டுக்கு காசு கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். 500 யூனிட் தாண்டுனதும் ஸ்லாப் மாறி பில் எகிறுமே, அந்தத் தொல்லை மொத்தமா போச்சு. உங்க வீட்டுக்கு 2 கிலோவாட்டே தாராளம். பின்னாடி இன்னொரு ஏசியோ எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ வாங்கப்போறீங்கன்னா மட்டும் 3 பத்தி யோசிங்க.

இதை இவ்ளோ அழுத்தி சொல்றதுக்குக் காரணம் இருக்கு, தமிழ்நாட்டுல இந்த விதி ஒரே மாதிரி இருந்ததே இல்ல. 2013 வாக்குல நெட் மீட்டரிங் வந்துச்சு, 2019 மார்ச்ல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை மாத்தி வீட்டுக்காரங்க வெளிய அனுப்புற யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசுன்னு வச்சாங்க, அதே வீட்டுக்காரர் மேல் ஸ்லாப்ல வாங்குற யூனிட்டுக்கு அப்போ 6 ரூபாய் 60 காசு. பக்கத்து வீட்டுக்கு அதே கரண்ட்டை வாரியம் முழு ரேட்டுக்கு விக்கும், போட்டவருக்கு மூணுல ஒரு பங்கு, இது எந்த ஊர் நியாயம்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க. அப்புறம் 2021ல வந்த ரெகுலேஷன்லதான் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பக் கிடைச்சது. அதனால விக்கிற காசை நம்பி கடன் வாங்காதீங்க, மிச்சமாகுற பில்லை நம்பி வாங்குங்க, விதி மாறினாலும் அந்தக் கணக்கு பெருசா ஆட்டம் காணாது.

இன்னொண்ணு, ரீடிங் எடுக்க வர்றப்போ கூட நில்லுங்க. மீட்டர் டிஸ்பிளேல நம்பர் மாறி மாறி வரும், இம்போர்ட் ஒண்ணு எக்ஸ்போர்ட் ஒண்ணு, ரெண்டையும் தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எக்ஸ்போர்ட்டை ஏத்தாம இம்போர்ட்டை மட்டும் போட்டு பில் வந்துருச்சுன்னு எழுதினவங்க நிறைய பேர், அந்த போட்டோ இருந்தா பேச்சு சீக்கிரம் முடிஞ்சிடும்.

78,000 மானியம் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் முன்பணம் கேக்குறாரு, குடுக்கலாமா? விண்ணப்பிச்சா ஈபி ஆபீஸ்ல இழுத்தடிப்பாங்களாமே?
– வாசகர், சிவகங்கை

ஒரு பைசா குடுக்காதீங்க. வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் குடுக்கிற பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது, ஒரு கோடி வீடுகள்தான் அவங்க இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவது கிலோவாட்டுக்கு 18,000, அதுக்கு மேல எவ்ளோ பெருசா போட்டாலும் 78,000தான். தேசிய போர்ட்டல்ல உங்க மின் இணைப்பு நம்பரை வச்சு நீங்களே விண்ணப்பிக்கலாம், பட்டியல்ல இருக்கிற வெண்டரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், வேலை முடிஞ்சு நெட் மீட்டர் ஓட ஆரம்பிச்சப்புறம் மானியம் நேரா உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும், நடுவுல யாரும் வாங்கித் தர வேண்டியதில்ல. பேனலும் அதுக்குள்ள இருக்கிற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், கொட்டேஷன்லயே அதை எழுதி வாங்குங்க, விலை கம்மின்னு வேற பேனல் மாட்டிட்டா மானியம் போயிடும்.

இழுத்தடிக்கிறது பத்தி: மத்திய அரசோட மின் நுகர்வோர் உரிமை விதிகளை 2024ல திருத்தினாங்க. 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்ல, விண்ணப்பம் ஏத்துக்கிட்டதாவே அர்த்தம். 5 கிலோவாட் வரைக்கும் லைனை பலப்படுத்தற செலவு விநியோக நிறுவனத்தோடது, உங்க தலையில கட்ட முடியாது. பேனல் மாட்டி சான்று குடுத்த 15 நாள்ல மீட்டர் வச்சு இணைச்சுக் குடுக்கணும். இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி கையில வச்சுக்கிட்டுப் போங்க. அப்பவும் நடக்கலைன்னா உங்க வட்டத்துல இருக்கிற மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதுங்க, அதுக்கு மேல மின் குறைதீர்ப்பாளர் இருக்காரு. வக்கீல் வேண்டாம், கடிதம் போதும். சின்ன ஆளுக்கு விதி இருந்தா மட்டும் பத்தாது, அந்த விதி இருக்குன்னு அவருக்குத் தெரியணும், அதுக்காகத்தான் இவ்ளோ எழுதறேன்.

மாடியில வெயில் கொளுத்துது, ஆனா கரண்ட் கட்னா எங்க சோலாரும் படுத்துடுது. ஏமாத்திட்டாங்களா?
– வாசகர், மதுரை

இல்ல, அது சரியாத்தான் வேலை செய்யுது. லைன் செத்ததும், பேனல் கரண்ட்டை வீட்டு கரண்ட்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டர் தானா நின்னுடணும்னு சட்டமே இருக்கு, இல்லைன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குற லைன்மேன் மேல உங்க வீட்டு கரண்ட் பாயும். கட்லயும் ஓடணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும், செலவு கூடும்.

நாலு ஏக்கர் மானாவாரி நிலம் சும்மா கிடக்கு. சோலார் போட்டு ஈபிக்கு விக்க திட்டம் இருக்குன்னு சொல்றாங்களே?
– விவசாயி, சங்கரன்கோவில்

இருக்குங்கய்யா. 2019ல வந்த பிஎம் குசும் திட்டத்துல ஏ பிரிவு அதுதான், 500 கிலோவாட்லருந்து 2 மெகாவாட் வரைக்கும் விவசாயிகள், குழுக்கள், கூட்டுறவு சங்கங்கள் போடலாம், 25 வருஷ ஒப்பந்தம். துணை மின் நிலையத்துலருந்து 5 கிலோமீட்டருக்குள்ள நிலம் இருக்கணும், 1 மெகாவாட்டுக்கு நாலஞ்சு ஏக்கர் ஆகும். ஆனா முதலீடு கோடிக்கணக்குல, பேங்க் வெறும் நிலத்தைப் பாத்து குடுக்காது. சொந்தமா முடியலைன்னா நிலத்தை கம்பெனிக்கு குத்தகைக்கு விடவும் திட்டத்துல இடம் இருக்கு, அப்படி விட்டா வாடகை வருஷா வருஷம் ஏறுற மாதிரி எழுதுங்க, 25 வருஷம் முடிஞ்சதும் இரும்பையும் கான்கிரீட்டையும் யார் அகற்றணும்னும் எழுதுங்க. நிறைய ஒப்பந்தத்துல அந்த வரிதான் இருக்காது. கிணத்துல தண்ணி இருக்கிற நிலமா இருந்தா மட்டும் தயவுசெஞ்சு இதுக்குக் குடுக்காதீங்க.

காத்தாலை முதலாளிங்களுக்கு மட்டும் பேங்கிங் வசதி குடுக்குறாங்களாமே, எங்கள மாதிரி சின்ன நிட்டிங் யூனிட்டுக்கு ஏன் இல்ல?
– வாசகர், திருப்பூர்

உங்க ஆதங்கம் நியாயம்தான், ஆனா அந்த வசதி வந்ததுக்கு அர்த்தம் இருக்கு. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காத்து அடிக்கிறது மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும், மில்லு ஓடுறது வருஷம் பூரா. ஆடி காத்துல வர்ற கரண்ட்டை குதிர்ல நெல் கொட்டி வைக்கிற மாதிரி வாரியத்துகிட்ட கணக்குல போட்டு வச்சுட்டு தை மாசியில எடுத்துக்கலாம்னு விட்டதாலதான் கோயம்புத்தூர் திருப்பூர் மில்லுக்காரங்க 225, 250 கிலோவாட் மெஷின்களை வாங்கி அங்க நட்டாங்க, நாட்டுக்கே தமிழ்நாடு காத்தாலையில வழிகாட்டுனது அப்படித்தான். நிலக்கரிக்கோ அணைக்கோ நடந்த மாதிரி ஒரு பெரிய அரசுத் திட்டம் இல்ல அது, நூத்துக்கணக்கான சின்ன முதலீடு. இப்போ அது சுருங்கிக்கிட்டே வருது, 2018க்கு அப்புறம் நட்ட மெஷின்களுக்கு ஒரு மாச பேங்கிங்தான். உங்க கூரை சோலாருக்கு வேற பிரச்சினை, நெட்வொர்க் கட்டணம், அதாவது வாரியத்தோட லைனைப் பயன்படுத்துறதுக்கான கட்டணம். சிறு தொழில்களோட போராட்டத்துக்கு அப்புறம் 2023ல அதைப் பாதியா குறைச்சாங்க, நீங்க பழைய பில்லை வச்சு கணக்குப் போட்டு வேண்டாம்னு விட்டிருந்தா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.

ஐயா, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறம். எங்கட கூரையில சோலார் பூட்டி மின்சார சபைக்கு விக்கிறம், கொஞ்சக் காசும் வருது. 2025 சித்திரை வருஷப்பிறப்பு நேரம் சோலாரை நிப்பாட்டச் சொன்னவை. விக்கச் சொல்லி ஊக்குவிச்சுப்போட்டு நிப்பாட்டச் சொன்னால் என்ன செய்யிறது?
– வாசகர், கொக்குவில்

உங்க நாட்டு அனுபவம் எங்களுக்கே பாடம் ஐயா, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன். சின்ன உற்பத்தியாளர்கிட்ட கரண்ட் வாங்குறதுல இலங்கை எங்களுக்கு முன்னாடியே போனது. 1990கள் பாதியிலயே மலையகத்து ஓடைகள்ல 10 மெகாவாட்டுக்கு கீழ இருக்கிற சிறு நீர்மின் நிலையங்களுக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடிச்ச ஒப்பந்தம் கொண்டு வந்தாங்க, ஆள் ஆளுக்கு பேரம் பேச வேண்டியதில்ல, அந்த ஒரு காரியத்தால எத்தனையோ சின்ன நிலையம் எழும்பிச்சு. 2016ல சூரிய பல சங்கிராமய திட்டம் வந்தப்போ கூரைக்காரங்களுக்கு மிச்ச யூனிட்டுக்கு முதல் 7 வருஷம் 22 ரூபா, அடுத்த 13 வருஷம் 15 ரூபா 50 சதம்னு எழுதிக் குடுத்தாங்க. 20 வருஷத்துக்கு விலை தெரிஞ்சா ஒரு குடும்பம் தைரியமா கடன் எடுக்கும்.

நிப்பாட்டச் சொன்னதோட காரணம் இது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின் நிலையத்துல ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டுச்சே, அன்னைக்கு முற்பகல்ல தேவை கம்மி, சோலார் நிறைய. அனல் நிலையத்துலயும் அணையிலயும் சுத்துற பெரிய பெரிய சக்கரங்கள்தான் திடீர் அதிர்ச்சியைத் தாங்கி அலைவெண்ணை, அதாவது கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அலையுதுங்கிற கணக்கைப் பிடிச்சு நிறுத்தும், கூரை சோலார்ல சுத்துறதுன்னு ஒண்ணும் இல்ல, அதனால அந்த ஒரு அதிர்ச்சி வந்ததும் மொத்தமும் சரிஞ்சிடுச்சு. புத்தாண்டு லீவுல தொழிற்சாலை எல்லாம் மூடி தேவை இன்னும் விழும்னு பயந்துதான் ஏப்ரல் 13லருந்து 21 வரைக்கும் பிற்பகல் 3 மணி வரை நிப்பாட்டச் சொன்னாங்க. தொழில்நுட்பக் காரணம் உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனா அதோட சுமையை கூரைக்காரர் மட்டும் சுமக்கணும்கிறது சரியில்ல. கூரையில சோலார் பெருகும்னு தெரிஞ்சுதான் திட்டம் போட்டாங்க, கூடவே பேட்டரிக்கும் திட்டம் போட்டிருக்கணும். நிப்பாட்டின மணிகளுக்கு இழப்பீடு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கணும்னு நான் நினைக்கிறேன். உங்க பக்கத்துல சோலார் பூட்டினவங்க சேர்ந்து எழுதுங்க, தனித்தனியா எழுதினா காதுல விழாது. இனி புதுசா பூட்டுறவங்க சாயங்காலம் குடுக்கிற மாதிரி பேட்டரியோட பூட்டறது நல்லது, எல்லா நாட்டு கிரிட்டுக்கும் பசிக்கிற நேரம் அதுதான்.

உலகத்துல இதை முதல்ல சரியா செஞ்ச நாடு எது?
– கல்லூரி மாணவி, சென்னை

அமெரிக்கா 1978லயே சின்ன உற்பத்தியாளர்கிட்ட வாங்கியே ஆகணும்னு சட்டம் போட்டுடுச்சு. ஆனா சாதாரண வீட்டுக்காரர் வரைக்கும் கொண்டு வந்தது ஜெர்மனின்னு சொல்லுவேன், 1991ல ஒரு சட்டம், 2000ல அதைவிட வலுவான இன்னொண்ணு. லைன்ல இணைக்க மாட்டேன்னு கம்பெனி சொல்ல முடியாது, புதுப்பிக்கத்தக்க கரண்ட்டைத்தான் முதல்ல எடுக்கணும், 20 வருஷத்துக்கு விலை மாறாது. வருஷா வருஷம் புதுசா சேர்றவங்களுக்கு மட்டும் விலை இறங்கும், ஏற்கனவே சேர்ந்தவங்களைத் தொட மாட்டாங்க. நம்ம ஊர்ல கண்டிப்பா காப்பியடிக்க வேண்டியது அந்தக் கடைசி விஷயத்தைத்தான். அதுக்கான செலவை ரொம்ப வருஷம் எல்லாரோட பில்லுலயும் கூடுதல் கட்டணமா வசூல் பண்ணாங்க, ஏழை வீடுகளுக்கு அது கனமாத்தான் இருந்துச்சு, 2022ல அதை நீக்கிட்டு அரசே ஏத்துக்கிச்சு. நீங்க இதை ப்ராஜெக்டா எடுக்கிறதா இருந்தா அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிங்க.

எங்க அபார்ட்மென்ட்ல 24 வீடு, மொட்டை மாடி பொது. ஒருத்தர் மட்டும் போட முடியுமா?
– வாசகி, தாம்பரம்

மத்தவங்க சம்மதம் இல்லாம கஷ்டம்மா, பின்னாடி தண்ணி டேங்க் பக்கம் போறதுக்குக் கூட சண்டை வரும். அதுக்கு பதிலா பொது மீட்டருக்குப் போடுங்க, லிஃப்ட், மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் அதுலதான் ஓடுது. குடியிருப்பு சங்கங்களுக்கு பிஎம் சூர்ய கர்ல கிலோவாட்டுக்கு 18,000 தனியா இருக்கு. 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும், சங்கக் கூட்டத்துல தீர்மானம் போட்டு மினிட்ஸ் நோட்டுல எல்லாரோட கையெழுத்தும் வாங்கிட்டு விண்ணப்பிங்க. பராமரிப்புக் கட்டணத்துல கரண்ட் செலவு எவ்ளோன்னு பழைய ஆறு பில்லை எடுத்துக் காட்டினீங்கன்னா மறுக்கிறவங்களும் யோசிப்பாங்க.