"கட்டாயமில்லை"ன்னு சொல்ற டிஎன்எஸ் நிறுவனத்துகிட்ட என்ன கேட்கலாம்? பெங்களூரு நண்பர்களின் கேள்விகள்

கார்த்திக், ஒயிட்ஃபீல்டு: அண்ணா, டிஎன்எஸ்செக் (தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்துற டிஎன்எஸ்-ஓட பதில் போலியில்லைன்னு கையொப்பத்தால காட்டுற முறை) கேட்டா "அது கட்டாயமில்லை"ன்னு எங்க டிஎன்எஸ் நிறுவனம் பேச்சை முடிச்சிடுது. சரியா?

பதில்: "கட்டாயமில்லை"ங்கிறது உண்மை. ஆனா ஒரு தரநிலை 'ஷுட்' (செய்யணும்)னு சொல்ற இடத்துல செய்யாம விட்டா, விளைவை எடைபோட்டுக் காரணம் வெச்சிருக்கணும்னு ஆர்எஃப்சி 2119 (இணையத் தரநிலை ஆவணம், 1997) சொல்லுது. அந்தக் காரணத்தைக் கேளுங்க. என் அளவுகோல்: சர்வர் அவங்க கையில இருக்கிறதால வாடிக்கையாளர் தானே செஞ்சுக்க முடியாத வேலையைப் பெரிய நிறுவனம் செஞ்சு தரணும். அவங்க செய்யலைன்னா, அவங்ககிட்ட இருக்கிற அத்தனை டொமைனுக்கும் அந்த வசதி கிடையாது. டொமைனுக்குக் கையொப்பம் போடறது அதுல முதல்.

செல்வி, எலெக்ட்ரானிக் சிட்டி: சார், டிஎன்எஸ் நிறுவனம் மாத்தினோம். எங்க .காம் தளம் சில பேருக்கு மட்டும் திறக்கலை.

பதில்: பழைய டிஎஸ் ரெக்கார்டு (டொமைனுக்குக் கையொப்பம் இருக்குன்னு சொல்ற பதிவு) .காம் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில இன்னும் இருக்கான்னு பாருங்க. கையொப்பம் இருக்குன்னு .காம் சொல்லுது, புது சர்வர்ல அது இல்லை. 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 மாதிரி சரிபார்க்கிற ரிசால்வர் (பயனருக்காக டிஎன்எஸ் பதிலைத் தேடித் தர்ற சர்வர்) செர்வ்ஃபெயில்ங்கிற பிழையைக் கொடுக்கும். சரிபார்க்காத ரிசால்வர்ல தளம் திறக்கும்.

'டிக்'ங்கிற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையில 8.8.8.8-ஐக் கேளுங்க. செர்வ்ஃபெயில் வந்தா, சரிபார்ப்பை நிறுத்துற சிடி கொடியோட அதையே திரும்பக் கேளுங்க. இப்போ ஐபி வந்தா கோளாறு டிஎன்எஸ்செக்ல. ரெஜிஸ்ட்ரார் (டொமைன் வாங்கின நிறுவனம்) பக்கத்துல டிஎஸ்ஸை நீக்குங்க. .காம்ல அதோட டிடிஎல் (ரிசால்வர் பதிலை நினைவுல வெச்சுக்கிற நேரம்) 86,400 வினாடி, அதனால ஒரு நாள் வரைக்கும் தொல்லை நீடிக்கலாம்.

அடுத்த தடவை முதல்ல டிஎஸ்ஸை எடுங்க, ஒரு நாளுக்கு மேல விடுங்க, அப்புறம் என்எஸ்ஸை (டொமைனோட டிஎன்எஸ் சர்வர் எதுன்னு சொல்ற ரெக்கார்டு) மாத்துங்க. என்எஸ் டிடிஎல் 2 நாள், அது வரைக்கும் பழைய சர்வர் ஓடட்டும். கடைசியா புதுக் கையொப்பம், புது டிஎஸ். நிறுவனம் சிடிஎஸ் ரெக்கார்டு (புது டிஎஸ் எதுன்னு சொல்றது; ஆர்எஃப்சி 7344, 2014) வெளியிட்டு, மேல் பக்கமும் (ரெஜிஸ்ட்ரி அல்லது ரெஜிஸ்ட்ரார்) அதைப் படிச்சா, டிஎஸ்ஸைக் கையால ஏத்தற வேலை குறையும். இதையும் கேட்டு வாங்குங்க.

முருகன், பொம்மனஹள்ளி: நாங்க சிஏஏ ரெக்கார்டே (யார் சான்றிதழ் கொடுக்கலாம்னு சொல்றது) வைக்கலை. தளத்தோட ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் புதுப்பிக்கும்போது சிஏஏ பிழை எப்படி வருது?

பதில்: 2017 செப்டம்பர்ல இருந்து சான்றிதழ் கொடுக்கிறவங்க சிஏஏவைக் கட்டாயம் பார்க்கணும். "இல்லை"ன்னு சுத்தமா பதில் வந்தா சான்றிதழ் கிடைக்கும். அந்த வகையே தெரியாத சர்வர் செர்வ்ஃபெயில் கொடுத்தா சிக்கல்தான். தெரியாத வகையைக் கையாள்ற முறை ஆர்எஃப்சி 3597-ல 2003லயே வந்தாச்சு. இதுல எந்தச் சமாதானத்தையும் ஏத்துக்காதீங்க.

அனிதா, இந்திரா நகர்: அப்போ ஈடிஎன்எஸ் கிளையண்ட் சப்நெட்டும் வேணும்னு கேட்கலாமா?

பதில்: அதை நான் கேட்க மாட்டேன். பயனர் ஐபியோட முன்பகுதியை, ஐபிவி4ல வழக்கமா 24 பிட், ரிசால்வர் வெளியே சொல்லிடுது. பக்கத்து சிடிஎன் சர்வர் (தளத்தோட நகலை வெச்சிருக்கிறது) கிடைக்கலாம், ஆனா அந்தரங்கம் போகுது. ஆர்எஃப்சி 7871-ஏ இதை இயல்பா அணைச்சு வைக்கச் சொல்லுது. கேள்வி சென்னை, மும்பை ரிசால்வருக்குப் போனா பெங்களூருக்காரங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. சிங்கப்பூர் போற லைன்லதான் வித்தியாசம் தெரியும்.

கார்த்திக்: டிசிபி 53 போர்ட்டையும் திறந்து வைக்கணும்னு கேட்கலாமா?

பதில்: சர்வர் மென்பொருள்ல டிசிபி இருந்தே ஆகணும்னு ஆர்எஃப்சி 7766 (2016) சொல்லுது. ஃபயர்வால்ல டிஎன்எஸ் வழக்கமா போற யுடிபியை மட்டும் திறந்து வெச்சா, 1232 பைட்டைத் தாண்டுற பெரிய டிஎக்ஸ்டி (மெயில் விதிகளும் வைக்கிற எழுத்து ரெக்கார்டு) பதில் பல ரிசால்வருக்குத் துண்டிச்சுத்தான் போகும். அவை டிசிபியில திரும்பக் கேட்டா பதில் வராது, மெயில் சரிபார்ப்பு விட்டு விட்டுத் தோத்துப் போகும்.