வெளுக்கும் பாசிக்கு டானிக்கா, ஆழமா?

கேள்வி: முனைக்காட்டுக் கடலில் கடல்பாசி வளர்க்க 45 மூங்கில் மிதவை போட்டிருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு மிதவையில் பாசி வெளுத்து, கையில் எடுத்தால் ஒடிகிறது. வெயிலுக்குக் குறைவில்லை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்து, அதில் முக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார். முக்கலாமா ஐயா?

பதில்: சகோதரி, டானிக்கை அப்புறம் பார்ப்போம். வெயில் நன்றாக இருக்கிறது, தண்ணீர் தெளிவு என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டும்தான் கவலை.

நீங்கள் வளர்க்கிற கப்பாபைகஸ் சிவப்புப் பாசி இனம். கடலில் இறங்க இறங்க வெயிலில் இருக்கும் சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் குடித்துவிடும். பச்சையும் நீலமும்தான் கீழே போய்ச் சேரும். அந்த மிச்ச ஒளியில் பிழைக்கத்தான் இந்தப் பாசி பச்சையத்தோடு பைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியையும் வைத்திருக்கிறது. அது பச்சை ஒளியைப் பிடித்து, பைக்கோசயனின் என்ற நீல நிறமி வழியாகப் பச்சையத்துக்குக் கைமாற்றிவிடும். இப்படிக் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கிற பாசியைத்தான் நாம் மூங்கிலில் கட்டி, அரை அடித் தண்ணீரில் மிதக்கவிடுகிறோம். காலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். உச்சிப்பொழுதில் சாப்பாடு தயாரிக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு ஒளி வந்து விழும்போது, ஒளியைப் பிடிக்கிற உறுப்பே பழுதாகிறது. கூடவே தண்ணீர் சூடேறி, காற்றும் விழுந்துவிட்டால் பாசி தளரும். தளர்ந்த கிளையில் பாக்டீரியா ஏறிக்கொள்ளும். ஐஸ்-ஐஸ் என்கிற வெளுப்பு நோய் அப்படித்தான் வருகிறது.

தெளிந்த தண்ணீரில் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. சிவப்பு நிறமி புரதத்தால் ஆனது. வெளியே தழைச்சத்து கிடைக்காவிட்டால் பாசி அந்த நிறமியையே கரைத்துத் தின்னும். வடகடல் (பாக் விரிகுடா) சலனமில்லாமல் கிடக்கும் நாட்களில் இது இன்னும் மோசம்.

நாளைக் காலை ஒரு கிளையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடியில் கரும்பழுப்பு, நடுவில் தேன் நிறம், மேல்பக்கம் மட்டும் வெளுப்பு என்றால் வெயில் அடித்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளையாகி, ஊறிய அவல் மாதிரி விரலில் நசுங்கினால் நோய் முற்றிவிட்டது. அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, நல்ல நிறம் உள்ள பகுதியோடு சேர்த்து வெட்டி எடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பாசி கட்டிய கயிறு எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது. இருபது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். கோடையில் பாசியை இறக்குங்கள். கயிற்றை மூங்கிலோடு ஒட்டிக் கட்டாமல், இரண்டு முனையிலும் இரண்டடித் தொங்கல் விட்டு, முனைக்கு ஒரு சிறு கல் கட்டுங்கள். மிதவைக்குக் கீழே கட்டியிருக்கும் அடிவலையையும் அதே அளவு தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் பாசி வலையில் உரசும். வலையை எடுத்துவிட்டால் ஒரா மீன் மேய்ந்துவிடும். கடல் வற்றி இறங்கும் வற்றம் நேரத்திலும் வலைக்கும் தரைக்கும் நடுவே மூன்றடித் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காத இடமென்றால் மிதவையை நீரோட்டம் உள்ள ஆழத்துக்கு இழுத்துப் போங்கள். இழுக்கிற கூலி, பாசி போகிற நஷ்டத்தைவிடக் குறைவுதான். முதலில் இரண்டு மிதவையில் செய்து, பதினைந்து நாள் கழித்துப் பக்கத்து மிதவையோடு எடை போட்டுப் பாருங்கள்.

தினமும் போகும்போது கயிற்றைத் தண்ணீருக்குள்ளேயே நாலு குலுக்குக் குலுக்கிவிடுங்கள். படிந்த வண்டல் போகும், புதுத் தண்ணீரும் படும்.

சரி, டானிக். நல்ல விதைப்பாசியைப் பாசிச் சாற்றில் முக்கிக் கட்டும் முறை பிலிப்பைன்ஸில் உண்டு. அது விதைக்கு ஊட்டம், நோய்க்கு மருந்து அல்ல. வெளுத்த கிளையை எந்த டானிக்கும் திருப்பாது. உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு என்று டப்பாவில் எழுதாமல் விற்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மிதவையை ஒருமுறைகூட வந்து பார்க்காமல் வைத்தியம் சொல்கிறவர் வியாபாரிதான், வைத்தியர் இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல விதை வாங்குங்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ, எல்லாம் இளம் நுனியாக, நிறம் மங்காததாக இருக்கட்டும். வெளுத்த மிதவையிலிருந்து விதை எடுக்கவே கூடாது.

வெட்டிய கிளைகளைக் கடலில் எறிந்துவிடாதீர்கள். பாம்பன் பக்கம் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூடியிருக்கிறது. சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து காயப்போடுங்கள். வெட்டிய பிறகும் நிற்காமல் வெளுத்தால், மிதவை நிற்கும் இடத்தில் வற்றத்துக்கு எத்தனை அடித் தண்ணீர், உச்சிவேளையில் எத்தனை டிகிரி சூடு என்று அளந்து எழுதுங்கள்.