கடல் காற்றைச் சாட்டும் கராஜ்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். எங்கள் பழைய டொல்பின் வானில் கதவடியும் பின்சில்லு வளைவும் கறள் பிடித்ததால், தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு கராஜில் விட்டேன். தகரத்தைத் தேய்த்து வெறுமையாக்கிய பிறகு, இரண்டாம் தவணைக் காசு கொண்டுபோக எனக்கு எட்டு நாள் பிந்திவிட்டது. மழையும் வாடைக்காற்றுமாக இருந்த அந்த நாட்களில் வான் திறந்த கொட்டகையில் அப்படியே நின்றது. அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இருக்கிறது. பெப்ரவரி 10இல் பெயின்ட் அடித்துத் தந்தார்கள். 185,000 ரூபாய்க்குப் பில்லில் ‘டிங்கர், பெயின்ட்’ என்று ஒரே வரி. மார்ச் கடைசியில் கொப்புளம். கேட்டால், “கடல் காத்து அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது? நீங்களும் காசு பிந்தித்தானே தந்தீங்கள்” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் கலண்டரைப் பாருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால், சேவை கிடைத்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். உங்களுக்கு மே 10 நெருங்குகிறது. கொடுத்துவிட்டுப் பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி கடல் காற்று. திருகோணமலையில் கராஜ் நடத்துபவர் அதைச் சாட்டாகச் சொல்வது, தோணிக்காரர் அலையைக் குறை சொல்வது போலத்தான். காசு வாங்கித் தொழில் செய்பவருக்கு அந்தத் தொழிலுக்குரிய திறமை இருக்க வேண்டும். திறமையின்மையும் கவனயீனமே என்பது நம் உரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. வெறுந்தகரம் உப்பு ஈரத்தில் சில மணி நேரத்திலேயே நிறம் மாறத் தொடங்கும். வெறுங்கையால் தொட்டால் விரலடையாளமே கறளாகும். அதனால் தொழில் தெரிந்த பாஸ்மார் அன்று தேய்த்த இடத்தை அன்றே எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஈரம் புகாமல் காக்கும் அடிப்பூச்சான எப்பொக்சி பிரைமர் ஒரு கோட் அடித்துவிடுவார்கள். பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியை மட்டும் நம்ப முடியாது, அது ஈரத்தை உறிஞ்சும்.

காசு பிந்தியது உங்கள் பிழைதான், அதை மறைக்காதீர்கள். காசு வரும்வரை வேலையை நிறுத்தவும், வானைத் தராமல் வைத்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தன் பொறுப்பில் நிற்கும் பொருளைக் காப்பதும் அவர் கடமை. நிறுத்துவதற்கு முன் ஒரு கோட் பிரைமர் அடிக்கவில்லை. எட்டு நாள் கழித்தாவது மேலே படர்ந்த கறளைத் தேய்த்து எடுக்கவில்லையென்றால், அதுவும் சேரும். உங்கள் வழக்கு இவ்வளவுதான்.

அதற்குச் சாட்சி அந்தக் கொப்புளங்கள். அவசரப்பட்டுச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்துவிடாதீர்கள். வேறொரு கராஜில் படம் பிடித்தபடி ஒன்றைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டிக்கு அடியில், தகரத்தின் வெளிமுகத்தில் கறள் இருந்தால் நியாயம் உங்கள் பக்கம். உள்ளிருந்து உக்கி ஓட்டையாகி வந்திருந்தால் அது பழைய நோய். உட்புற வேலைக்கும் பேசியிருந்தாலொழிய அவரைப் பிடிப்பது கஷ்டம். கதவடிக்கு ஒரு முடிவு, வளைவுக்கு இன்னொரு முடிவு என்றும் வரலாம். வாட்ஸ்அப் படம் வந்த போனை மாற்ற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம்.

அப்புறம் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம்: வந்து பாருங்கள், 14 நாளுக்குள் திருத்தித் தாருங்கள் என்று. அசையாவிட்டால் மத்தியஸ்த சபை. இந்தத் தொகைக்கு, தீர்வு கிட்டவில்லை என்ற அதன் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 3 வருடம் இருக்கிறது, அங்கே அவசரமில்லை.

185,000 முழுவதும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கெட்ட இடத்தைத் திருத்தும் செலவைத்தான் கேட்கலாம். இரண்டு கராஜில் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். தகரம், பிரைமர், பட்டி, பெயின்ட் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும்; ‘டிங்கர், பெயின்ட்’ என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.