ஜாமீன் கிடைத்தும் சிறையிலேயே இருப்பவருக்கு என்ன வழி?

கேள்வி: எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். ஓசூருக்குக் கட்டட வேலைக்குப் போன என் தம்பியைத் திருட்டு வழக்கில் பிடித்துவிட்டார்கள். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர் தரச் சொல்லி கோர்ட் ஜாமீன் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. சித்தப்பாவின் பட்டாவைக் கொண்டுபோனால், 'தர்மபுரி நிலம் வேண்டாம், உள்ளூர் ஆளைக் கூட்டிவாருங்கள்' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அந்த 10,000 ரூபாயை யாரும் இப்போது கட்ட வேண்டியதில்லை. தம்பி வாய்தாவுக்கு வராமல் போனால் கட்டுவதாக ஜாமீன்தாரர் எழுதித் தரும் உறுதி அது. இது தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு.

வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரரை மறுப்பது சரியல்ல. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே சிக்கல்தான். மோதி ராமின் சகோதரருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது அவரே எழுதித் தரும் உறுதியில், அவரை விடச் சொன்னார்.

எனவே வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். வக்கீல் மூலம் மனுவாகத் தாக்கல் செய்யுங்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கட்டும். அதை வைத்து செஷன்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். ஜாமீன் தொகையைக் குறைக்க அந்தக் கோர்ட்டுக்கு பிஎன்எஸ்எஸ் (இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 484-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளரே அந்த ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். 'வெளியே வந்தால் நானே ஆள் பிடித்துத் தருகிறேன்' என்று தம்பி கேட்டால் தற்காலிக ஜாமீன் தரவும் அதே உத்தரவில் இடமுண்டு. பலருக்கும் தெரியாத வழி இது. மனுவில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

காகிதங்களில்தான் பாதி ஜாமீன் நின்றுபோகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும்; ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல் இருக்கும். சித்தப்பாவின் ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படங்கள் எல்லாவற்றையும் போகும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் வேறு யாருக்காவது ஜாமீன் நின்றிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஎன்எஸ்எஸ் 486-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

கோர்ட் வாசலில் பணத்துக்கு ஜாமீன் நிற்க வருபவர்களை நம்பவே நம்பாதீர்கள். காகிதம் போலி என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் வரும்.

வெளியே வந்தபின், ஓசூர் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடும் நிபந்தனை இருந்தால், பென்னாகரத்திலிருந்து போய்வருவது கூலி வேலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. விட்டுவிட்டால் ஜாமீனே போய்விடும். தளர்த்தக் கேட்டு உடனே மனு போடுங்கள். உத்தரவு வரும்வரை ஒரு நாளும் தவறாமல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.